மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை: கவனிப்பு எப்படி?

அண்ணா நகர் அரவிந்துக்குப் போனால், உங்களிடம் அதிகம் பேசுவது சிஸ்டர்கள்தான். பார்வை அளப்பது, கண் பிரஷர் பார்ப்பது, சொட்டு மருந்து விடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். பள்ளிப் படிப்பு முடித்து இரண்டு வருடம் இங்கேயே பயிற்சி எடுத்தவர்கள். "ஐயா, தாடைய இங்க வைங்க, நெத்திய ஒட்டிக்கங்க" என்று பெரியவர்களிடம் அவர்கள் பேசும் பக்குவத்துக்கே தனியாக மார்க் போடலாம்.

இந்தப் பக்குவம் மேலிருந்து வந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயும் கத்தி பிடிக்கப் பழகி, பக்கத்தில் நின்று செய்து காட்டியவர். தியேட்டரில் இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜையில் சிஸ்டர்கள் அடுத்தவரைத் தயார் செய்துவிடுவார்கள். டாக்டரின் முழுக் கவனமும் கண்ணில் மட்டும் இருக்கும். சிஸ்டர்களை நம்பி வேலையை ஒப்படைக்காவிட்டால் இந்த ஏற்பாடு ஒரு நாள்கூட ஓடாது.

குறை என்றால் கூட்டம். காலையிலேயே போய்விடுங்கள், அரை நாளாவது ஒதுக்குங்கள். கண் பாப்பா விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைச் சீட்டை மறக்காமல் கொண்டுபோங்கள். பழைய கண்ணாடியையும்.