சுவரா, வெள்ளைத் திரையா, சாம்பல் திரையா?

புரொஜெக்டரைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் யூடியூப் பார்க்கிறோம். திரையை மட்டும் கடைசி நாளில், மிச்சமிருக்கும் காசுக்கு வாங்குகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். சுவரில் ஆரம்பித்து, சுருள் திரைக்குப் போய், அப்புறம் சட்டமடித்த திரைக்கு வந்து சேர்ந்தேன். முதலிலேயே ஒழுங்காக யோசித்திருந்தால் நடுவில் ஒரு செலவு மிச்சமாகியிருக்கும்.

திரை தானாக வெளிச்சத்தை உண்டாக்காது. தன் மேல் விழுவதை எந்தப் பக்கம் அனுப்புவது என்பது மட்டும்தான் அதன் கையில் இருக்கிறது. நேர் எதிரே இருப்பவர் பக்கம் எவ்வளவு திருப்புகிறது என்பதைச் சொல்லும் எண்தான் கெயின். கெயின் 1 என்றால் எல்லாப் பக்கமும் சீராகச் சிதறும். 1.5 என்றால் நடு சோபாவில் இருப்பவருக்குப் படம் பளிச்சென்று தெரியும். ஓரத்து நாற்காலியில் இருப்பவருக்கு மங்கும். பெரிய கெயினைக் காட்டி விற்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார்.

சுவரை மட்டமாக நினைக்க வேண்டாம். நன்றாகப் பட்டி பார்த்து, மணல்தாள் போட்டுத் தேய்த்து, பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன் அடித்த சுவர் மலிவான திரைகள் பலவற்றுக்குச் சளைத்ததல்ல. பளபளப்பு பெயின்ட் மட்டும் கூடாது, நடுவில் விளக்கைப் பிடித்தது போல ஒரு வெளிச்சத் திட்டு தெரியும். மேடு பள்ளமும் உங்களை விடாது. கேமரா பக்கவாட்டில் நகரும் ஒவ்வொரு காட்சியிலும் கண்ணில் உறுத்தும். படத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்தில் கறுப்பு வெல்வெட் பட்டை ஒட்டினால் படம் சட்டென்று எடுப்பாகிவிடும். ஓரத்தில் சிந்தும் வெளிச்சத்தையும் அது விழுங்கிவிடும்.

சுருட்டி இழுக்கும் திரையை ஒரே காரணத்துக்காகத்தான் வாங்கலாம்: பகலில் அந்தச் சுவர் வேறு வேலைக்கு வேண்டும் என்றால். விலை குறைந்தவற்றில் சில மாதங்களிலேயே ஓரங்கள் உள்பக்கமாக மடங்கும், துணியில் அலை விழும். எங்கள் வீட்டில் ஃபேனைப் போட்டாலே கதாநாயகி முகம் தண்ணீரில் தெரிவது போல ஆடும். ஃபேன் இல்லாமல் மே மாதத்தில் படம் பார்ப்பது எப்படி? இரு பக்கமும் கயிறு இழுத்துப் பிடிக்கும் 'டேப் டென்ஷன்' (tab-tension) வகை இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. ஆனால் அந்த விலைக்கு நல்ல சட்டத் திரையே வந்துவிடும்.

ஆக, உண்மையான போட்டி சட்டமடித்த மேட் (பளபளப்பில்லாத) வெள்ளைக்கும், அறை வெளிச்சத்தை ஒதுக்கும் சாம்பல் நிற ஏ.எல்.ஆர். (ambient light rejecting) திரைக்கும்தான். படத்தில் கறுப்பு என்பது புரொஜெக்டர் வெளிச்சம் விழாத இடம். அறையில் டியூப்லைட் எரிந்தால் அந்த இடம் திரையின் சொந்த நிறத்தில்தான் தெரியும். வெள்ளைத் திரையில் இரவுக் காட்சி வெளிறிப்போவது இதனால்தான். ஏ.எல்.ஆர். திரை பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் வரும் அறை வெளிச்சத்தைத் தவிர்த்துவிட்டு, புரொஜெக்டர் வெளிச்சத்தைப் பார்ப்பவர் பக்கம் திருப்ப முயல்கிறது.

அதற்குக் கொடுக்கும் விலை பிரகாசம். கணக்கு எளிது: புரொஜெக்டர் தரும் வெளிச்சத்தின் அளவான லூமென்ஸைக் கெயினால் பெருக்கி, திரையின் சதுர அடியால் வகுத்தால் ஃபுட்-லாம்பர்ட், அதாவது திரையில் தெரியும் பிரகாசத்தின் அளவு. மூலைக்கு மூலை 100 அங்குலம் இருக்கும் 16:9 திரை சுமார் 29.7 சதுர அடி. உண்மையாகவே 600 லூமென்ஸ் தரும் புரொஜெக்டர் என்றால் கெயின் 1 வெள்ளையில் 20 வரும், கெயின் 0.6 சாம்பலில் 12தான். டிஜிட்டல் தியேட்டருக்கான அளவுகோல் 14. ஆசைப்பட்டு 120 அங்குலத்துக்குப் போனால் பரப்பு 44 சதவீதம் கூடும்; அதே சாம்பல் திரையில் 8.4க்கு இறங்கிவிடும். பெட்டியில் அச்சடித்த லூமென்ஸை அப்படியே இந்தக் கணக்கில் போடாதீர்கள். சினிமா மோடில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. சுவரை ஒட்டி மேசையில் வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ புரொஜெக்டருக்கான திரையில் ரம்பப் பல் போன்ற நுண்ணிய வரிகள் இருக்கும். கீழிருந்து வரும் வெளிச்சத்தை முன்னால் தள்ளும், மேலிருந்து வருவதை விழுங்கும். சீலிங்கில் மாட்டிய புரொஜெக்டருக்கு அதை வாங்கினால், அது விழுங்குவது உங்கள் படத்தைத்தான்.

ஒலி ஊடுருவும் திரை, பின்னால் ஸ்பீக்கர் வைக்க இடமிருப்பவர்களுக்கு மட்டும்.

என் தேர்வு: கதவைச் சாத்தி, திரைச்சீலை போட்டு இருட்டாக்க முடிகிற அறைக்கு மேட் வெள்ளை. மிச்சமாகும் பணத்தில் திரைக்கு அருகிலுள்ள சீலிங்கையும் பக்கச் சுவர்களையும் அடர்நிறமாக்குங்கள். வெள்ளை சீலிங் திரையின் வெளிச்சத்தைத் திரும்பத் திரைக்கே அனுப்பிக் கறுப்பைக் கெடுக்கும். நடுவில் ஆட்கள் போய்வந்து, விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் ஹாலுக்கு ஏ.எல்.ஆர்., அதுவும் புரொஜெக்டருக்குத் தெம்பு இருந்தால்.

வாங்கும் முன் ஒரு சாண் திரைத் துணியை மாதிரியாகக் கேளுங்கள். இரவு எட்டு மணிக்கு, வீட்டில் வழக்கமாக எரியும் விளக்குகளோடு சுவரில் ஒட்டிப் படம் போட்டு, சோபாவின் இரண்டு ஓரங்களிலும் உட்கார்ந்து பாருங்கள்.