ராட்டினத்தின் உயரம்: மைனஸ் காஸ் வடிவமா, நகர்த்திய சைன் வடிவமா?

சிங்கப்பூர் ஃபிளையர் ராட்டினத்தின் உச்சி 165 மீட்டர், சக்கரத்தின் விட்டம் 150 மீட்டர், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 30 நிமிடம். வட்ட இயக்கத்தைக் காலமுறைச் சார்பாக (ஒரே இடைவெளியில் மதிப்புகள் திரும்பத் திரும்ப வரும் சார்பாக) எழுத இந்த மூன்று எண்களே போதும். வீச்சு, அதாவது நடுக்கோட்டிலிருந்து ஏறி இறங்கும் அளவு 75, நடுக்கோடு 165 − 75 = 90, வேகம் நிமிடத்துக்கு 12°, அதாவது π/15 ரேடியன். பெட்டி அடியில், 15 மீட்டர் உயரத்தில் புறப்படுகிறது. நி என்பது நிமிடம்.

உயரம் = 90 − 75 காஸ்(π நி/15)
உயரம் = 90 + 75 சைன்(π(நி − 7.5)/15)

வரைந்தால் இரண்டும் ஒரே வளைவரைதான். மாணவர் கையில் அப்படி இல்லை.

அடியில் தொடங்கும் கணக்குக்கு என் தேர்வு மைனஸ் காஸ். நகர்த்தும் வேலையே இல்லை. காஸ் 0 = 1 என்பதால் 90 − 75 = 15 என்று நொடியில் சரிபார்க்கலாம். 127.5 மீட்டருக்கு மேல் எவ்வளவு நேரம் இருப்போம்? காஸ் −1/2 ஆகும் கோணங்கள் 120°, 240°. நிமிடத்துக்கு 12° என்பதால் 10ஆம் நிமிடம் முதல் 20 வரை.

சைன் வடிவத்தில் சறுக்குவது அடைப்புக்குறியில். சைன்(π நி/15 − 7.5) என்று எழுதினால் 7.5 நிமிடம் 7.5 ரேடியனாகிவிடும். அப்போது தொடக்க உயரம் 19.65 மீட்டர். 15க்குப் பக்கத்திலேயே இருப்பதால் வரைபடத்தில் தவறு கண்ணுக்குத் தப்பிவிடும்; நி = 0 போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். விரித்து எழுதினால் கழிக்கவேண்டியது π/2.

அதற்காகச் சைனை ஒதுக்கிவிட முடியாது. அந்த 7.5, பெட்டி நடுக்கோட்டைக் கடக்கும் நேரம்; ஏற்றம் மிக வேகமாக இருப்பதும் அங்கேதான். முதல் நிமிடத்தில் 1.6 மீட்டர் மட்டுமே ஏறும் பெட்டி, 7க்கும் 8க்கும் இடையில் 15.7 மீட்டர் ஏறுகிறது. அளந்தெடுத்த தரவு என்றாலும் சைன்தான் கைகொடுக்கும். வரைபடக் கால்குலேட்டர் தரவுக்குப் பொருத்தித் தரும் சமன்பாடு பெரும்பாலும் அ சைன்(ஆ நி + இ) + ஈ என்ற வடிவில் வரும். இ −1.571, ஆ 0.2094 என்றால் வகுத்துப் பாருங்கள்: நகர்வு 7.5 நிமிடம். புறப்பட்டு 3 நிமிடம் கழித்து அளக்கத் தொடங்கினால் காஸுக்குள்ளும் (நி + 3) வந்துவிடும். அதன் சௌகரியம் அதோடு போயிற்று.

கால்குலேட்டர் டிகிரியில் இருந்தால் இரண்டு வடிவமும் கெடும். காஸ் வடிவத்தில் 10ஆம் நிமிடத்துக்கு 127.5க்குப் பதில் 15.05 வரும். பெட்டி நகரவே இல்லை போலத் தெரிந்தால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

இரண்டுக்கும் எட்டாத கேள்வி ஒன்று உண்டு. 2008இல் திறந்த இந்த ராட்டினத்தின் சுழலும் திசையை, ஃபெங் சுயி (சீன வாஸ்து) வல்லுநர்களின் ஆலோசனைப்படி அதே ஆண்டில் மாற்றினார்கள். உயரச் சார்பில் எதுவும் மாறாது. பக்கவாட்டுத் தூரமான 75 சைன்(π நி/15) மட்டும் குறி மாறும். திசையைக் கேட்டால் அந்த இரண்டாவது ஆயத்தையும் எழுதியே ஆகவேண்டும்.