0.1 ஈத்தருக்கு ஒரு பாட்டு

திருகோணமலையில் கல்யாண வீடுகளுக்கு கீபோர்ட் வாசிக்கிறவன் நான். பாட்டுக்குக் காசு கொடுக்கப் பின்நிற்க மாட்டேன். இங்கத்தைய வங்கி அட்டையால் கிரிப்டோ என்ற டிஜிட்டல் நாணயம் வாங்க முடியாது என்பதால், கனடாவில் இருக்கும் தம்பி மூலம் என்எஃப்டி பாட்டொன்று எடுத்தேன். என்எஃப்டி என்றால், ஒரு பிரதி இன்னாருக்குச் சொந்தம் என்று இணையப் பதிவேட்டில் எழுதிவைக்கும் டிஜிட்டல் சான்று. விலை 0.1 ஈத்தர் (ஒரு கிரிப்டோ நாணயம்), மொத்தம் 25 பிரதிதான். கலைஞருக்குப் போகிற காசு, சந்தோஷம். ஆனால் எத்தீரியம் என்ற அந்தப் பதிவேட்டில் பதிவதற்கான ‘காஸ்’ கட்டணம் தனி. நெரிசலுக்கேற்ப ஏறும், கலைஞருக்கு ஒரு சதமும் சேராது. அதைக் கடைசித் திரையில்தான் காட்டுகிறார்கள்! முதலிலேயே மொத்த விலையைச் சொல்ல வேண்டும். பதிப்புரிமையும் வராது, அதே பாட்டை யூடியூபில் எவரும் கேட்கலாம். 2021இல் கிங்ஸ் ஒஃப் லியோன் என்ற அமெரிக்க ரொக் இசைக்குழு 50 டொலருக்கு இப்படி அல்பம் விற்றபோது வினைல் இசைத்தட்டும் சேர்த்துத் தந்தது. எனக்குக் கிடைத்தது 17ஆம் இலக்கம் என்ற பதிவு மட்டும். இந்த விலைக்கு அது காணாது.