"இமேஜ் கரப்ட்" என்றால் உடனே பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்

கம்ப்யூட்டருக்கு ஏஎம்சி (வருஷாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டுவிட்டு, "மாசா மாசம் ஃபுல் சிஸ்டம் பேக்கப் எடுத்துடுறோம் சார்" என்ற வார்த்தையை நம்பி இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு ஏஎம்சி போட்ட கம்ப்யூட்டர் கடையின் பெயரைப் போடவில்லை. என்ன செய்தார்கள் என்று தெரிந்தால் போதும்.

கும்பகோணத்தில் சின்ன அச்சகம் எங்களுடையது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ், இதுதான் பிழைப்பு. டிசைன் செய்ய ஒரே மெஷின். அதில் பழைய கோரல்டிரா, பல வருஷமாகச் சேர்த்த தமிழ் ஃபாண்டுகள், அந்த ஃபாண்டுகளுக்கென்றே செட் செய்த கீபோர்டு டிரைவர். இதையெல்லாம் புது மெஷினில் மறுபடி ஏற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. சில ஃபாண்டுகளை விற்றவர்களே இன்று தொழிலில் இல்லை. அதனால்தான் ஃபைல் காப்பி மட்டும் போதாது, சிஸ்டம் இமேஜே (விண்டோஸ், சாஃப்ட்வேர், செட்டிங்ஸ் எல்லாம் சேர்ந்த முழு நகல்) வேண்டும் என்று கேட்டு, வருஷத்துக்கு 6,000 ரூபாய்க்கு ஏஎம்சி போட்டோம். எடுக்கிற இமேஜ் எங்கள் எக்ஸ்டர்னல் டிஸ்கில் இருக்கும்.

2024 தை மாதம், முகூர்த்த சீசன். ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று தட்ட ஆரம்பித்தது, மறுநாள் பயாஸிலேயே (மெஷினை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பு ஓடும் புரோகிராம்) காணோம். கடைக்காரர் வந்தார். "மெஷினே பழசாயிடுச்சு சார், புதுசு போட்டுருவோம், இமேஜை அப்படியே ஏத்தித் தர்றேன்" என்றார். போயிருந்தது 1 டிபி டிஸ்க். வந்த புது மெஷினில் இருந்தது 512 ஜிபி என்விஎம்இ, அதாவது புது வகை டிஸ்க்.

இமேஜ் ஏறவில்லை. "கரப்ட் ஆயிடுச்சு சார்" என்றார். நான் விடாமல் கேட்கவும், எக்ஸ்டர்னல் டிஸ்கைச் செருகி, விண்டோஸ்இமேஜ்பேக்கப் என்ற ஃபோல்டரில் ரைட் கிளிக் அடித்து பிராப்பர்ட்டீஸைத் திறந்து காட்டினார். சைஸ் 0 பைட்ஸ். "பாருங்க, உள்ள ஒண்ணுமே இல்ல. செத்த டிஸ்கை சென்னைக்கு அனுப்பி டேட்டா ரெக்கவரி பண்ணணும். 35,000 ஆகும், பாதி அட்வான்ஸ் குடுத்துடுங்க."

இந்த 0 பைட்ஸ் விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். சாதாரண யூசருக்கு அந்த ஃபோல்டரைத் திறக்க விண்டோஸ் பெர்மிஷன் கொடுப்பதில்லை. பெர்மிஷன் இல்லாத ஃபோல்டரின் அளவைக் கேட்டால் 0 என்றுதான் காட்டும். உள்ளே 200 ஜிபி இருந்தாலும் அதே 0தான். டபுள் கிளிக் செய்து, 'கன்டினியூ' கொடுத்து உள்ளே போன பிறகுதான் உண்மை தெரியும். அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். அந்த டிஸ்கில் வேறு எதுவுமே கிடையாது, ஆனால் டிரைவ் ஐகானுக்குக் கீழே நீலப் பட்டை கணிசமாக நிறைந்திருந்தது. காலி ஃபோல்டர் எப்படி இடத்தை அடைத்துக்கொள்ளும்?

அட்வான்ஸ் கொடுக்காமல், தஞ்சாவூரில் சர்வர் வேலை பார்க்கும் என் மச்சினனை வரச் சொன்னேன். ரெஸ்டோர் செய்யும்போது வந்த எரரை எங்கள் கடைப் பையன் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தான். அதைப் பார்த்ததுமே மச்சினன் சிரித்துவிட்டான். "அத்தான், கரப்டுன்னு இதுல எங்க இருக்கு? இமேஜ் பயாஸ்ல எடுத்தது, இந்த மெஷின் இஎஃப்ஐ, அதனால ஏத்த முடியாதுன்னு அதுவே தெளிவா சொல்லுதே."

விஷயம் இதுதான். பழைய மெஷின்கள் லெகசி பயாஸில் பூட் ஆகும், டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிப்பது எம்பிஆர் முறையில் இருக்கும். புதியவை யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்தது, எரரில் இஎஃப்ஐ என்று வருவது இதுதான்), டிஸ்க் ஜிபிடி முறை. ஒன்றில் எடுத்த விண்டோஸ் இமேஜை இன்னொன்றில் ஏற்ற அந்த ரெஸ்டோர் கருவி சம்மதிக்காது. ஏற்றுகிற டிஸ்கும் பழைய டிஸ்குக்குச் சமமாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும். நீங்கள் 100 ஜிபிதான் உபயோகித்தீர்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது, டிஸ்கின் மொத்த அளவைத்தான் பார்க்கும். ஆக 1 டிபி டிஸ்கின் இமேஜை 512க்குள் ஏற்ற நினைத்ததே வீண் வேலை. மெஷினை விற்கும் முன்பே இது தெரிந்திருக்க வேண்டியவர் அவர்தானே.

மச்சினன் அடுத்து செய்ததை நீங்களும் செய்யலாம், காசு செலவில்லை. விண்டோஸ் 10 உள்ள ஏதாவது ஒரு மெஷினில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, ஆக்‌ஷன் மெனுவில் 'அட்டாச் விஹெச்டி' கொடுங்கள். 'ரீட் ஒன்லி' என்ற கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் இமேஜில் ஏதாவது மாறிவிட வாய்ப்புண்டு. இமேஜ் ஃபோல்டருக்குள் விஹெச்டிஎக்ஸ் ஃபைல்கள் (ஒவ்வொன்றும் ஒரு டிரைவின் முழு நகல்) இருக்கும். சின்னது பூட் பார்ட்டிஷன், இருப்பதிலேயே பெரியது சி டிரைவ். பெரியதைத் தேர்ந்தெடுத்தால் அது தனி டிரைவாகத் தெரியும். லெட்டர் வராவிட்டால் நாமே கொடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு டெஸ்க்டாப், ஃபாண்ட்ஸ் ஃபோல்டர், கோரல் செட்டிங்ஸ் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. கரப்டாம், கரப்ட்.

நல்ல செய்தி அத்தோடு சரி. அந்த ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டரின் பெயரிலேயே பேக்கப் எடுத்த தேதி இருக்கும். எங்களுடையதில் இருந்தது 2023 ஜூன். ஏஎம்சி கார்டிலோ டிசம்பர் வரை ஒவ்வொரு மாதமும் 'பேக்கப் ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இன்னொன்று, டி டிரைவ் இமேஜிலேயே இல்லை. விண்டோஸ் ஓடத் தேவையான பார்ட்டிஷன்களைத்தான் அது தானாக எடுக்கும், மற்றவற்றுக்கு நாம் டிக் போட வேண்டும். ஏஎம்சி போட்ட அன்றே வேலை ஃபைல் முழுக்க டி டிரைவில் இருக்கிறது என்று சொல்லியிருந்தோம். ஓடிக்கொண்டிருந்த பத்திரிகைகளில் சிலவற்றை, பிளேட் போடும் இடத்துக்கு அனுப்பிய பிடிஎஃப்களிலிருந்து மீட்டோம். மற்றவற்றைத் திரும்ப டைப் அடித்தோம்.

சி டிரைவை முழுதாகவே ஏற்றிவிட்டோம். பழைய லெகசி மெஷின் ஒன்றை இரவல் வாங்கி, புதிதாக 1 டிபி டிஸ்க் போட்டு, விண்டோஸ் பென் டிரைவிலிருந்து மச்சினன் ரெஸ்டோர் செய்தான். இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை வரும், ஒன்றுக்கு முன்னால் யுஇஎஃப்ஐ என்று போட்டிருக்கும். பயாஸில் எடுத்த இமேஜ் என்றால் அது போடாததைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், மாற்றி எடுத்தால் பழைய எரரே திரும்ப வரும். ரெஸ்டோர் முடிந்த பிறகு எம்பிஆர்2ஜிபிடி என்ற விண்டோஸ் கருவியால் டிஸ்கை மாற்றிப் புது மெஷினில் பொருத்தினான். கோரல்டிரா பழையபடி திறந்தது.

இந்த சிஸ்டம் இமேஜ் வசதியை மைக்ரோசாஃப்ட் 2017லேயே கைவிடப்படும் வசதிகளின் பட்டியலில் சேர்த்து, வேறு நிறுவனங்களின் பேக்கப் மென்பொருளைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டது. கன்ட்ரோல் பேனலில் இன்னும் இருக்கிறது என்பதால் கடைக்காரர்கள் அதையே எடுத்துக் கொடுக்கிறார்கள். உங்களிடமும் அதுதான் இருக்கிறது என்றால், ஏஎம்சி பணம் கொடுக்கும் முன் ஒரு காலி டிஸ்கில் ரெஸ்டோர் செய்து, பூட் ஆவதைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் வேறு கடை பாருங்கள்.

டி டிரைவுக்காக, செத்த டிஸ்க் பற்றி ஒரு டேட்டா ரெக்கவரி லேபிடம் நேரடியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த வேலைக்கு லேப் தேவைதான், அதை மறுக்கவில்லை. கடையிலிருந்து டிஸ்கைத் திரும்ப வாங்கும்போது ஸ்டிக்கரில் இருந்த சீரியல் நம்பரைப் பழைய பில்லோடு ஒப்பிட்டுத்தான் வாங்கினோம். ஏஎம்சி பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிக் கொடுத்ததற்கு, "அது சாஃப்ட்வேர் பிரச்சினை, நாங்க பொறுப்பில்ல" என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. 'பேக்கப் ஓகே' கையெழுத்துள்ள கார்டு, இமேஜ் தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், எரர் போட்டோ மூன்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறோம்.