ஏல வீடு எடுத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை! என் 18,400 வெள்ளி போச்சு

நேற்று மதியம் கடிதம் வந்தது. ஏலத்தில் கட்டிய முன்பணம் பறிமுதல். கை இன்னும் நடுங்குகிறது. ஏல வீடு வாங்கப் போகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நாங்கள் மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராய். அப்பா ரப்பர் தோட்டத்தில் 31 வருடம் பால்மரம் வெட்டியவர். அவருடைய இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமநிதி) பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டை பக்கம் ஒரு வீடு வாங்கி, தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பது என் எண்ணம். அப்போதுதான் ஃபேஸ்புக்கில் அந்த விளம்பரம். வங்கி ஏலத்துக்கு வரும் வீட்டை எடுத்துக் கொடுத்து, லோனும் வாங்கித் தருகிற நிறுவனம்.

அந்த நிறுவனத்து ஆள் வீட்டுக்கே வந்தான். நாற்காலி போட்டும் உட்காரவில்லை, அப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "எங்க தாத்தாவும் மரம் வெட்டினவருதான் ஐயா" என்றான். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, அப்பாவின் தோட்டத்துப் படங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பார்த்தான். "அக்கா, ஏல விலை 160,000தான். வெளிய 220,000க்குப் போகுது. 90 சதவீதம் லோன், அது என் பொறுப்பு." அவன் போனதும் அப்பா சொன்னார், "நம்ம புள்ள மாதிரி இருக்கான்மா." அந்த ஒரு வார்த்தையில்தான் கையெழுத்துப் போட்டேன். சேவைக் கட்டணம் 2,400. முன்பணம் பத்து சதவீதம், 16,000 வெள்ளிக்கு பேங்க் டிராஃப்ட். மொத்தம் 18,400.

ஏலத்தில் என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை. ஏன் என்று அடுத்த ஞாயிறு வீட்டைப் பார்க்கப் போனபோது புரிந்தது. கொடியில் துணி காய்கிறது, உள்ளே ஒரு குடும்பம் இருக்கிறது! ஏல வீட்டை இருக்கிறபடியேதான் விற்பார்கள். ஆளைக் கிளப்புவது வாங்கியவர் பாடு, செலவும் நம்முடையது. "அதெல்லாம் லாயர் பாத்துக்குவாரு அக்கா" என்றான்.

அவன் எழுதிக் கொடுத்த கணக்கில் மாதத் தவணையும் வாடகையும் மட்டும்தான் இருந்தன. பெயர் மாற்ற முத்திரை வரியே 2,200 வரும் (முதல் 100,000க்கு ஒரு சதவீதம், மிச்சத்துக்கு இரண்டு). லாயர் கட்டணம், ரிப்பேர், பாக்கி நிற்கும் சுக்காய் பிந்து (வீட்டு வரி), தண்ணீர் பில் எதையும் அவன் வாய் திறந்து சொல்லவில்லை.

பிறகு லோன். இரண்டு வங்கியும் மறுத்தன. என் கார் கடனும், தம்பி கடனுக்கு நான் போட்ட ஜாமீனும் காரணம். சம்பளச் சீட்டை வாங்கிப் போனானே, அப்போதே பார்த்திருக்க வேண்டாமா? நிலச் சட்டப்படி ஏல நாளிலிருந்து 120 நாளில் மீதியைக் கட்ட வேண்டும், ஒரு நாள்கூட நீட்டித் தர மாட்டார்கள், கட்டாவிட்டால் முன்பணம் பறிமுதல். நாள் ஓடிக்கொண்டே இருந்தது. போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேன் அக்கா". வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. ஆபீசுக்கே போனேன். கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "லோன் கிடைக்காட்டி நாங்க பொறுப்பில்லன்னு நீங்கதான் சைன் பண்ணியிருக்கீங்க" என்றாள். வாய் வார்த்தையில் அவன் பொறுப்பு, தாளில் என் பொறுப்பு! அன்று மாலையே அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள்.

18,400 வெள்ளி. அப்பாவின் வியர்வை அது.

சொல்கிறேன் என்றேனே, அது இவ்வளவுதான். ஏல அறிவிப்பை முழுசாகப் படியுங்கள், மலாய் புரியாவிட்டால் படித்துச் சொல்ல ஆள் வையுங்கள். ஏலத்துக்கு முன்னாலேயே நீங்களே வங்கிக்குப் போய்க் கேளுங்கள். உங்கள் பெயரில் இருக்கும் கடன்களைக் காட்டும் சிசிரிஸ் அறிக்கை இலவசம், எடுத்துப் பாருங்கள். வீட்டில் ஆள் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். வேறு எதுவும் இப்போது தோன்றவில்லை.

அந்த 2,400க்கு ரசீது இருக்கிறது, பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போடப் போகிறேன். அவர்கள் விளம்பரம் இன்னும் என் போனுக்கு வருகிறது. இந்த ஞாயிறு சுங்கைப்பட்டாணியில் இலவச விளக்கக் கூட்டமாம். உங்கள் வீட்டில் யாராவது கிளம்பினால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.