ஒரே பேருந்து நிறுத்தம், நான்கு புகைப்படத் தொடர்கள்

பள்ளியில் புகைப்படத் திட்டம் என்று அறிவித்ததும் மாணவர்கள் எழுதித் தரும் தலைப்புகளைப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே ரகம்: தனிமை, நம்பிக்கை, சுதந்திரம், காலம், இயற்கையின் அழகு. கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் கேமராவைக் கையில் எடுத்த பிறகு எதை நோக்கித் திருப்புவது? கடைசி வாரத்தில் நண்பன் ஒருவனைச் சன்னலோரம் முதுகு காட்டி உட்கார வைத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, ‘தனிமை’ என்று பெயர் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நண்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது தோளில் தெரியும்.

மாணவர்களின் தொடர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் ஒன்றில் போகின்றன. ஒரே வகைப் பொருளைப் பல இடங்களில் எடுத்து அடுக்குவது ஒன்று. ஒரு மனிதரைப் பின்தொடர்ந்து அவர் கதையைச் சொல்வது இன்னொன்று. ஒரே இடத்தைக் காலம் விட்டு விட்டு எடுப்பது மூன்றாவது. ஓர் எண்ணத்தையோ உணர்வையோ படமாக்குவது நான்காவது. இவற்றில் எது தோதுப்படும் என்று பார்க்க, நான்குக்கும் ஒரே பொருளைக் கொடுத்துவிடலாம். பேருந்து நிறுத்தம் என்று வைத்துக்கொள்வோம்.

ஒப்பிடும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எடுத்தது தேறவில்லை என்றால் மறுபடி போய் எடுக்க முடியுமா? படத்தின் அழகு, கருத்தின் ஆழம் எல்லாம் அப்புறம். முதல் சுற்றில் எடுப்பவை அநேகமாக யாருக்கும் தேறாது. இரண்டாவது சுற்றில்தான் நாம் என்ன எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே பிடிபடும். மாணவர் கையில் இருப்பதோ சில வாரங்கள், அதிலும் நடுவில் தேர்வு வந்துவிடும்.

தொகுப்பு வழியில் போனால், பன்னிரண்டு நிறுத்தங்களைத் தேடிப் போய் எடுக்க வேண்டும். இதைச் செய்தே பெயர் வாங்கியவர் ஒருவர் இருக்கிறார். கனடாவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஹெர்விக் 2002இல் லண்டனிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை சைக்கிளில் போனார். மணிக்கு ஒரு நல்ல படமாவது எடுத்தே தீர்வது என்று தனக்குத் தானே ஒரு கட்டுப்பாடு. நீண்டு கிடக்கும் சாலையில் மணிக்கொரு படத்துக்கு எங்கே போவது? அப்படித்தான் சோவியத் காலத்துப் பேருந்து நிறுத்தங்கள் அவர் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். பிறகு நாடு நாடாகத் தேடிப் போய் எடுத்து, 2015இல் அவற்றை நூலாக்கினார்.

இந்த வழிக்கு மூத்தவர்கள் ஜெர்மனியின் பெர்ண்ட் பெஷர், ஹில்லா பெஷர் தம்பதி. 1959 முதல் சேர்ந்து வேலை செய்தவர்கள். நீர்த்தொட்டிக் கோபுரங்கள், ஊது உலைகள், சுரங்கக் கோபுரங்கள் என்று தொழிற்சாலைக் கட்டுமானங்களையே எடுத்தார்கள். வெயில் இல்லாத மேகமூட்ட நாளாகப் பார்த்துப் போவார்கள், நிழல் விழக்கூடாது என்பதற்காக. நேர் எதிரே நின்று எடுத்த படம், பின்னால் வெளிறிய வானம், அவ்வளவுதான். தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணப் படங்கள். ஒன்பது, பன்னிரண்டு என்று கட்டம் கட்டி மாட்டினால், எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்த தொட்டிகள் ஆளுக்கொரு முகத்தோடு நிற்கும். 1990இல் வெனிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியில் இவர்களுக்குக் கிடைத்தது சிற்பத்துக்கான தங்கச் சிங்கம். புகைப்படத்துக்குச் சிற்ப விருது! யோசித்துப் பார்த்தால் பொருத்தம்தான்.

போனை வைத்தே இதைச் செய்யலாம். ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் ஒரே எண்ணிக்கையில் அடிகளை எண்ணிப் பின்னால் போய் நில்லுங்கள். போனை எப்போதும் நெஞ்சு உயரத்தில் பிடியுங்கள். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு, கூரையின் விளிம்பு கோட்டோடு ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். இரண்டு மூன்று லென்ஸ் உள்ள போன் அப்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் தாவும், தொடரில் பாதி ஒரு மாதிரியும் மீதி வேறு மாதிரியும் வரும். பளிச்சென்ற வானத்தைக் கண்டு போன் நிறுத்தத்தை இருட்டாக்கிவிடாமல் இருக்க, நிறுத்தத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் போதும், குவியமும் வெளிச்ச அளவும் பெரும்பாலான போன்களில் பூட்டிக்கொள்ளும். இத்தனையும் மாறாமல் இருந்தால்தான் மாறுவது எது என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

மறுபடி எடுக்க முடியுமா? தாராளமாக. நிறுத்தம் எங்கேயும் ஓடிப் போகாது, யாரிடமும் நேரம் கேட்டு நிற்க வேண்டாம். சிக்கல் வேறு இடத்தில் வரும். உங்கள் பகுதியில் உள்ள நிறுத்தங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கலாம். அப்போது பன்னிரண்டு படமும் ஒரே படமாகிவிடும் என்று மாணவர்கள் பயந்து தலைப்பையே மாற்றிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். கட்டுமானம் ஒன்றாக இருந்தால் மற்றதெல்லாம் துலக்கமாகத் தெரியும்: கிழிந்த சுவரொட்டிகளின் அடுக்கு, எந்தப் பக்கம் இருக்கை தேய்ந்திருக்கிறது, யாரோ மறந்து விட்டுப் போன குடை. சில சமயம் இதுதான் இன்னும் நல்ல தொடர்.

இரண்டாவது வழிக்கு வருவோம். அதே நிறுத்தத்தைத் தினமும் கூட்டிச் சுத்தம் செய்பவர் ஒருவர் இருப்பார். அவருடைய ஒரு நாளை எடுப்பது. நான்கில் இதுதான் கனமான படங்களைத் தரக்கூடியது, கவிழ்ந்தால் மோசமாகக் கவிழ்வதும் இதுதான்.

யூஜின் ஸ்மித் லைஃப் பத்திரிகைக்காக எடுத்து 1948 செப்டம்பரில் வெளியான கிராமத்து மருத்துவர் தொடரை இந்த வகையின் முன்மாதிரியாகச் சொல்வார்கள். கொலராடோ மாநிலத்தில் க்ரெம்லிங் என்ற சிற்றூரில் எர்னெஸ்ட் செரியானி என்ற மருத்துவரோடு 23 நாள் இருந்து எடுத்தது. ஆரம்பத்தில் ஸ்மித் கேமராவில் ஃபிலிமே போடாமல் எடுத்துக்கொண்டிருந்தாராம், மருத்துவருக்குத் தன் இருப்பு பழகட்டும் என்று. மாணவர்கள் செய்யாமல் விடுவது இந்த ஒன்றைத்தான். முதல் நாளே போய் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். அவரும் வேலையை நிறுத்திவிட்டுச் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நிற்பார். பன்னிரண்டு படத்திலும் அதே நிமிர்வு.

முதல் சந்திப்பில் பேசிவிட்டு மட்டும் வந்தால் தப்பில்லை. அடுத்த முறை போகும்போது தூரம் மாற்றி மாற்றி எடுங்கள். முழு இடமும் தெரியும்படி ஒன்று, வேலை தெரியும் நடுத் தூரத்தில் சில, கை, துடைப்பத்தின் பிடி, காலணி என்று நெருக்கத்தில் சில, அவர் இன்னொருவரிடம் பேசும்போது ஒன்றிரண்டு. முகம் நேராகத் தெரியும் படம் தொடருக்கு ஒன்று போதும். அதிகாலை வெளிச்சத்தில் கை வீச்சு மங்கலாகத் தெரிந்தால் ஷட்டர் வேகம், அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் வேகம், பற்றவில்லை என்று அர்த்தம். 1/125 நொடி அல்லது அதைவிட வேகமாக வைத்தால் சாதாரண அசைவு நிற்கும். துடைப்பம் மட்டும் மங்கலாக வேண்டும் என்று நீங்களே முடிவு செய்தால் அது வேறு கதை.

மறுபடி எடுப்பது இங்கே உங்கள் கையில் இல்லை. அவருக்கு விடுப்பு வரும், மனம் மாறும், மேலதிகாரி முகம் சுளிப்பார். அனுமதி கேட்பது, காட்சிக்கு வைக்கும் முன் படங்களை அவரிடம் காட்டுவது, அவர் வேண்டாம் என்றால் நீக்கிவிடுவது, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் பெற்றோர் சம்மதம் வாங்குவது எல்லாம் திட்டத்தின் பகுதிதான், கூடுதல் வேலை இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருவரின் வறுமையைப் பின்னணி இசை மாதிரி பயன்படுத்திப் பரிசு வாங்கும் தொடர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அவருக்கு வேலையில் இருக்கும் கெட்டிக்காரத்தனம் ஒரு படத்திலாவது தெரியாவிட்டால் அந்தத் தொடரை நான் ஏற்க மாட்டேன்.

காலத் தொடர் சொல்லக் கேட்டால் சுலபம்: அதே நிறுத்தம், அதே கோணம், வெவ்வேறு நாள். நிக்கோலஸ் நிக்சன் 1975 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல், ஆண்டுக்கொரு படமாக, தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் ஒரே வரிசையில் நிற்க வைத்து எடுத்துக்கொண்டே இருந்தார். பார்க்கப் பார்க்க நெஞ்சை அடைக்கும். ஆனால் மாணவரிடம் நாற்பது ஆண்டு இல்லை. ஆறு வாரத்தில் பேருந்து நிறுத்தம் என்ன மாறிவிடப் போகிறது? தவறவிட்ட நாளைத் திரும்ப எடுக்கவும் முடியாது. என் அளவுகோலில் இது கடைசிக்குப் போய்விடுகிறது. அதை மீட்க ஒரு வழி உண்டு: காலத்தை ஒரே நாளுக்குள் சுருக்குவது. விடிகாலை முதல் இருட்டும் வரை மணிக்கு ஒன்று. கூட்டம் சேர்வதும் கலைவதும் நிழல் சுற்றி வருவதும் கிடைக்கும். தேறவில்லையா, அடுத்த ஞாயிறு மறுபடி உட்காரலாம்.

பழைய படம் ஒன்று கிடைத்து, அதே இடத்தில் நின்று இன்று எடுப்பதும் இந்த வகைதான். அமெரிக்காவில் மார்க் கிளெட்டும் அவர் குழுவினரும் 1977 முதல், பத்தொன்பதாம் நூற்றாண்டு நில அளவாய்வுப் படங்களுக்கு இப்படி மறுபடம் எடுத்தார்கள். அதே இடம் என்றால் தோராயமாக இல்லை. முன்னால் ஒரு கம்பமும் தூரத்தில் ஒரு சன்னலும் பழைய படத்தில் எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள். உங்கள் திரையில் கம்பம் சன்னலுக்கு இடப்பக்கமாகக் கூடுதலாகத் தள்ளித் தெரிந்தால் நீங்கள் வலப்பக்கம் அதிகம் போய்விட்டீர்கள். இடப்பக்கம் நகர வேண்டும். ஜூம் செய்து இதைச் சரிக்கட்ட முடியாது, கால்தான் நகர வேண்டும். நாலைந்து முறை இப்படி நகர்ந்து பழைய புகைப்படக்காரர் நின்ற இடத்தில் நிற்கும்போது வரும் சிலிர்ப்புக்காகவே மாணவர்கள் ஒருமுறை இதைச் செய்து பார்க்கலாம்.

கடைசியாக, எல்லோரும் முதலில் ஓடும் வழி. பேருந்து நிறுத்தத்தை வைத்துக் ‘காத்திருப்பு’ என்று ஒரு தொடர். மறுபடி எடுக்க முடியுமா என்றால், எத்தனை முறை வேண்டுமானாலும். ஆனால் முந்தைய படத்தில் என்ன குறை என்று தெரிந்தால்தானே அடுத்த முறை திருத்த முடியும்? தொகுப்பில் கூரை சாய்ந்திருந்தால் சாய்ந்திருக்கிறது. காத்திருப்பில் ‘உணர்வு வரவில்லை’ என்று சொன்னால் மாணவர் எதைத் திருத்துவார்? எடிட்டிங் செயலியில் நிறத்தைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எண்ணத்தைப் படமாக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1920களில் தன் உள்ளுணர்வுகளுக்கு ஈடான படங்கள் வேண்டும் என்று புறப்பட்டவர்தான். எதை எடுத்தார்? மேகங்களை. இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள், எல்லாம் வானம். மேகம் எல்லோருக்கும் பொது, இன்னும் அதற்கு வரி போடவில்லை என்ற பொருள்பட அவரே எழுதியிருக்கிறார். உணர்வு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் எடுக்கும் பொருள் அவரிடம் திட்டவட்டமாக இருந்தது. ‘காத்திருப்பு’க்கும் அப்படி ஒரு கயிறு கட்டிவிடலாம். கால்களை மட்டும் எடுப்பேன், முகமே வராது. அல்லது பேருந்து கிளம்பிப் போன மறுநொடி காலியான இருக்கையை மட்டும். இப்படி ஒரு விதி வந்ததும் அது பாதி தொகுப்பாகிவிடுகிறது, திருத்தவும் பிடி கிடைக்கிறது.

மதிப்பெண் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் ஏபி பாடங்களில் ஒன்றான இரு பரிமாணக் கலை பாடத்தில் புகைப்படம் எடுக்கும் மாணவர்கள் நீடித்த தேடல் என்ற பிரிவுக்கு 15 படங்களும் அதை வழிநடத்திய கேள்வியையும் தர வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் அதற்கே. சோதித்துப் பார்த்ததும் திருத்தியதும் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அங்கே தொகுப்பை அப்படியே கொடுத்தால் பதினைந்தும் ஒரே முயற்சியாகத் தோன்றிவிடும் ஆபத்து உண்டு. பாதி வழியில் விதியை ஒருமுறை மாற்றி, ஏன் மாற்றினேன் என்று எழுதினால் சமாளிக்கலாம். வெறும் ‘காத்திருப்பு’ என்ற சொல் அங்கே கேள்வியாகாது. ‘காத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள்?’ என்பது கேள்வி.

ஆக, முதல் முறை தொடர் எடுக்கும் மாணவருக்கு நான் தொகுப்பைத்தான் சொல்வேன். ஏற்கெனவே ஒன்றை முடித்தவர், பேசத் தயங்காதவர், வாரம் ஒருமுறையாவது சந்திக்கக்கூடிய ஒருவரைத் தெரிந்தவர் என்றால் மனிதர் கதைக்குப் போகலாம். கிடைக்கும் பலன் இதில்தான் அதிகம். ஒரே நாள் காலத் தொடரைக் குழுவாகச் செய்யுங்கள், தனியாள் என்றால் மதியத்துக்குள் சலித்துவிடும். உணர்வுத் தலைப்பை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். அந்த வாரத்தில் விதி ஒன்று தோன்றினால் எடுங்கள், தோன்றாவிட்டால் விட்டுவிடலாம்.

எந்த வழியில் போனாலும் தேர்வு செய்யும் வேலையைத் திரையில் வைத்துக்கொள்ளாதீர்கள். நாற்பது படம் இருந்தால் நாற்பதையும் உள்ளங்கை அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு படங்களில் ஒன்றைத் தூக்குங்கள், தூக்க வேண்டியது பெரும்பாலும் அதிகம் பாடுபட்டு எடுத்ததாகத்தான் இருக்கும். மிச்சத்தைத் தலைப்பு தெரியாத ஒருவரிடம் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். அவர் எந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று விழிக்கிறாரோ, அதைத் தொடரிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்துக்கு மறுபடி போய் எடுங்கள்.