பட்டைகளை எண்ணி அழுத்தம் அளப்பது: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆய்வகத்தில் சின்னச் சின்ன அழுத்த மாற்றங்களை அளக்க நான் பல வருடங்களாக நம்பியிருப்பது ஒரு மைக்கல்சன் இன்டர்ஃபெரோமீட்டரைத்தான். ஹீலியம்-நியான் லேசர் கதிர் இரண்டாகப் பிரிந்து, ஆடிகளில் பட்டுத் திரும்பி, மறுபடி ஒன்றுசேர்கிறது. சேரும் இடத்தில் வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள். ஒரு கதிரின் வழியில் 10 செ.மீ. நீள வாயுக் குழாய் இருக்கிறது. அதற்குள் அழுத்தம் ஏறினால் காற்றின் அடர்த்தி கூடும், ஒளிவிலகல் எண் (ஒளி அதற்குள் எவ்வளவு மெதுவாகும் என்று காட்டும் எண்) துளி ஏறும், பட்டைகள் நகரும்.

அந்தத் துளி எவ்வளவு? வளிமண்டல அழுத்தத்தில் காற்றின் ஒளிவிலகல் எண் 1-ஐ விட சுமார் 0.00027 அதிகம், அவ்வளவுதான். ஆனாலும் ஒளி குழாயை இரண்டு முறை கடப்பதால், வெற்றிடத்திலிருந்து வளிமண்டல அழுத்தம் வரை ஏறத்தாழ 85 பட்டைகள் கடந்து போகும். ஒரு பட்டைக்குச் சுமார் 1,200 பாஸ்கல். பட்டையை நூறாகப் பிரித்துப் படித்தால் 12 பாஸ்கல். காற்றில் ஒரு மீட்டர் மேலே போனால் குறையும் அழுத்தம் இதே அளவுதான்.

அப்படிப் பிரித்துப் படிக்கக் கண் போதாது. ஒளியை மின் சிக்னலாக மாற்றும் போட்டோடையோடு ஒன்றே ஒன்று வைத்தாலும் சிக்கல்தான். பட்டையின் உச்சியிலும் அடியிலும் ஒளி அளவு கிட்டத்தட்ட மாறாது, அழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்றும் தெரியாது. கால் பட்டை தள்ளி இரண்டாவது போட்டோடையோடு பொருத்திய பிறகுதான் கருவி முழுமையானது. இரண்டு சிக்னலையும் ஆசிலாஸ்கோப் என்ற சிக்னல் காட்டும் கருவியில் எக்ஸ்-ஒய் முறையில் (ஒன்று கிடையாக, மற்றது செங்குத்தாக) போட்டால் திரையில் ஒரு புள்ளி வட்டமடிக்கும். ஒரு சுற்று ஒரு பட்டை. வால்வைத் துளித் துளியாகத் திறக்கும்போது புள்ளி ஒரு பக்கமாக ஊர்ந்து போவதையும், மூடியதும் நிற்பதையும், எங்காவது கசிவு இருந்தால் மெதுவாகத் திரும்பி வருவதையும் பார்க்கலாம். கசிவு பிடிக்க இதைவிட நல்ல வழி என் கையில் வேறு இல்லை. லேசரின் பிரகாசம் கூடிக் குறைந்தால் வட்டம் பெரிதாகும், சிறிதாகும், அதன் மையமும் நகரும். நாம் படிப்பது மையத்திலிருந்து புள்ளி இருக்கும் கோணத்தை என்பதால், மையத்தைச் சரிசெய்துகொண்டால் அளவீடு கெடாது.

புதிதாக வாங்குபவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: இந்தக் கருவி பார்ப்பது அழுத்தத்தை அல்ல, அடர்த்தியை. மூடிய குழாய் முழுவதும் சூடேறினால் பக்கத்தில் உள்ள மின்னணு அழுத்த மானி ஏறிக்கொண்டே போகும். பட்டை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். உள்ளே இருக்கும் வாயுவின் அளவு மாறவில்லையே! அடர்த்தியை அழுத்தமாக மாற்ற வெப்பநிலை வேண்டும். அதில் 1 டிகிரி பிசகினால், வளிமண்டல அழுத்தத்துக்குப் பக்கத்தில் சுமார் 345 பாஸ்கல் தவறு வரும். ஆகவே லேசருக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியாவது வெப்பநிலை உணரிக்குப் போக வேண்டும். அடுத்த கதிரின் வழியிலும் அதே மாதிரி மூடிய குழாய் ஒன்றை வைத்துவிடுங்கள். அறைக் காற்றின் ஏற்ற இறக்கம் பெருமளவு அடங்கும்.

பிடிக்காதவையும் உண்டு. எண்ணிக்கை ஒருமுறை அறுந்தால் எத்தனையாவது பட்டை என்று தெரியாது, வெற்றிடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அதிர்வு ஆகாது, கனமான பலகை கட்டாயம். இடம் குறைவு, உடலுக்குள் செருக வேண்டும், அல்லது சுற்றிலும் பலமான காந்தப்புலம் என்றால் ஒளியிழை நுனியில் மெல்லிய சவ்வு வைத்த ஃபேப்ரி-பெரோ உணரிதான் (இரண்டு பரப்புகளுக்கு இடையே ஒளி எதிரொளித்துப் பட்டை உண்டாக்கும் வகை) சரி. அங்கே நகர்வது சவ்வு. ஆனால் சவ்வு நாளாக நாளாகத் தளரலாம், அவ்வப்போது அளவு திருத்தம் செய்தே ஆக வேண்டும்.

வாயுக் குழாயில் தளர எதுவும் இல்லை. குழாயின் நீளம், ஒளியின் அலைநீளம், வாயுவின் இயல்பு, வெப்பநிலை: இந்த நான்கிலிருந்தே விடை வருகிறது. அமெரிக்காவின் தேசிய அளவியல் நிறுவனமான என்ஐஎஸ்டி, 3 மீட்டர் உயரப் பாதரச மானிக்கு மாற்றாக உருவாக்கியதும் இதே அடிப்படையில் இயங்கும் ஒளிக்கருவிதான் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் முதலில் குழாயை நீட்டுங்கள். 50 செ.மீ. ஆக்கினால் அதே நூறில் ஒரு பங்குக்கு 2.4 பாஸ்கல் கிடைக்கும். குழாயின் முனைகளில் ஒளி புகும் கண்ணாடியை மட்டும் தடிமனாகப் போடுங்கள். அது வளைந்தாலும் பட்டை நகரும்.